கொட்டாவிக்கு மட்டும் எழுந்த கை

"கொட்டாவிக்கு எந்திரிக்கிற கை, பாத்திரம் கழுவுறதுக்கு மட்டும் தூங்கிப்போயிடுமா?"

காலை ஆறரை மணிக்கு அடுப்படியில் நின்றுகொண்டு நாத்தனார் கேட்டாள். கை நிறைய சோப்பு நுரை. கேட்டது தம்பி மனைவியிடம்தான். ஆனால் அது உள்ளே முகம் மழித்துக்கொண்டிருந்த தம்பிக்கும், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த குடித்தனத்துக்கும் சேர்த்துப் போட்ட சத்தம்.

தம்பி மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. சற்று முன்னால் அவளுக்கு ஒரு கொட்டாவி வந்தது. வாய் திறந்து மூச்சு உள்ளே போனபோது, ஏழு மாதமாக ஒரு கரண்டியைக்கூடத் தூக்காத அந்தக் கை தானாக மடங்கி, மார்பு உயரத்துக்கு எழுந்தது. வாய் மூடியதும் தொப்பென்று மடியில் விழுந்தது. அவளே பயந்துபோய் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் தூக்கலை அண்ணி. அதுவா வந்துச்சு."

"அதுவா வந்துச்சாம்! தம்பி, கேட்டியா? உன் பொண்டாட்டி கைக்கு வேளை பார்த்து உயிர் வருது. வேலைன்னா செத்துப்போகுது, சோம்பல்னா பொழைச்சுக்குது."

பாதி முகத்தில் நுரையோடு தம்பி எட்டிப் பார்த்தார். பேருந்து பணிமனையில் டயர் மாட்டுகிற வேலை அவருக்கு. அதிகம் பேசாதவர். அக்காவைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டார். நாத்தனார் பேசியதைவிட அந்தக் கதவுதான் அவளைக் குத்தியது.

தம்பி மனைவிக்குப் பட்டறையில் கடிகாரம் என்று பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. கதவுக்குக் கீல் செய்கிற பட்டறை அது. நீளமான ஒரே கூடம், தகரக் கூரை, வரிசையாகப் பதினான்கு பிரஸ். அங்கே வேலை செய்கிற நாங்கள் தகட்டை அச்சில் வைத்துவிட்டு நிற்போம். பச்சை விளக்கு எரியும். இரண்டு கையாலும் இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலே இருக்கும் இரும்பு இறங்கும். ஒரு கையால் அமுக்கினால் அசையாது. எந்தக் கையும் அடியில் மாட்டிவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருந்தார்கள். இரும்பு புறப்பட்டதும் சிவப்பு விளக்கு எரியும். சிவப்பு எரிந்தால் இரண்டு கையும் நெஞ்சுக்கு வந்துவிட வேண்டும்.

புதிதாகச் சேருகிறவர்களை மேஸ்திரி முதல் இரண்டு நாள் தகட்டைத் தொடவே விடமாட்டார். வெறும் விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பார். சிவப்புக்குக் கை வந்துசேரத் தாமதமானால் மரஸ்கேலால் முழங்கையில் ஒன்று விழும். "யோசிச்சு எடுத்தா கை மிஞ்சாது. யோசிக்காம எடு" என்பார். அவருடைய இடது கையில் இரண்டு விரல் கிடையாது. அதனால் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

கடிகாரம் அங்கே முதல் பிரஸ்ஸில் இருபத்திரண்டு வருடம் நின்றாள். நிமிடத்துக்குப் பதினொரு கீல், காலையில் எப்படியோ மாலையிலும் அப்படியே. அவளுக்கு முன்னால் அந்த இடத்தில் நின்றவள் நாத்தனார்தான். தம்பி மனைவியை வேலைக்குக் கூட்டிக்கொண்டு வந்ததும் அவள்தான். முதல் பிரஸ் ஜன்னலோரம் இருக்கும். கூடத்தில் காற்று வருகிற ஒரே இடம். புதிதாக வந்தவளின் வேகத்தைப் பார்த்த மேஸ்திரி, ஒரு திங்கட்கிழமை இருவரையும் இடம் மாற்றி நிறுத்திவிட்டார். நாத்தனார் இரண்டாவது பிரஸ்ஸுக்குப் போனாள். அந்தத் திங்கட்கிழமையை அவள் மன்னிக்கவே இல்லை. "என் காத்தைப் பிடுங்கிட்டா" என்று எங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாளோ, கணக்கே இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. ரிப்பேர்காரர் ஒவ்வொரு பிரஸ்ஸாக ஓட்டிப் பார்ப்பார். நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, காதை அடைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இரும்பு விழுந்ததும் தரை நடுங்கும். எந்த பிரஸ் விழுந்தது என்று சொல்ல வேண்டும். நாங்கள் பத்துக்கு மூன்று சரியாகச் சொன்னால் பெரிய விஷயம். கடிகாரம் தப்பாகச் சொன்னதே இல்லை.

"எவ்வளவு பலமா ஆடுதுன்னு பார்க்காதீங்க" என்பாள். "எந்தக் கால்ல முதல்ல தட்டுது, எந்தக் கால்ல அப்புறம் தட்டுதுன்னு பாருங்க. நடுக்கம் ஓடுற பக்கத்தை வச்சே எங்கேருந்து புறப்பட்டுச்சுன்னு தெரிஞ்சுடும்."

ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு காலை வேளையில் பச்சை விளக்கு எரிந்தது. அவள் அமுக்கினாள். இரும்பு இறங்கவில்லை. மறுபடி அமுக்கினாள். "பொத்தான் செத்துப்போச்சு, வந்து பாருங்க" என்று கத்தினாள். ரிப்பேர்காரர் வந்து அமுக்கினார், சரியாக இறங்கியது. அவள் அமுக்கினாள், இறங்கவில்லை. அப்போதுதான் நாங்கள் எல்லோரும் அவள் வலது கையைப் பார்த்தோம். பொத்தானின் மேல் சும்மா கிடந்தது. அவளோ பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

மூளைக்குள் ஆழத்தில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். இழுத்து இழுத்து நடந்த கால் இரண்டு வாரத்தில் நேரானது. பேச்சு குழறவில்லை. முகம் கோணவில்லை. அதுதான் அவளுக்கு வினையாகப் போனது. பார்க்க ஒரு குறையும் இல்லாதவள் கை மட்டும் வரவில்லை என்றால் யார் நம்புவார்கள்? நாத்தனாருக்கு வீட்டில் இரண்டு பேர் வேலை, பட்டறையிலும் முழு ஷிப்ட். கடவுள் சாட்சியாகச் சொன்னால் அவளும் பாவம்தான். ஆனால் அவள் களைப்பெல்லாம் வாய் வழியாக விஷமாக வந்தது. கொட்டாவி சமாச்சாரம் அன்று மத்தியானமே பட்டறை முழுக்கப் பரவியது. இரண்டாவது பிரஸ்ஸில் நின்றபடி அவள் அதை நடித்துக்கூடக் காட்டினாள். சிலர் சிரித்தார்கள். மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை.

அந்தச் சமயத்தில் கடிகாரம் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மாவிடம் போய்க்கொண்டிருந்தாள். மூளையில் ஓடும் அலைகளைப் படிக்கிறவர் அவர். நர்சுகள் அவரை அலைக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கணவரைக் கையெழுத்துப் போடச் சொல்லி, மண்டையோட்டைச் சிறிதாகத் திறந்து, விரல் நகம் அளவில் ஒரு தகடு வைத்திருந்தார்கள். அதில் நூறு ஊசிமுனைகள். அங்கிருந்து ஒரு கம்பி காதுக்குப் பின்னால் வெளியே வந்து தொப்பிக்குள் ஒளிந்திருக்கும்.

"கையை அசைக்கிறதுக்குன்னு மூளையோட மேல்பக்கத்துல ஒரு இடம் இருக்கு" என்று டாக்டரம்மா முதல் நாள் சொன்னார். "உங்களுக்கு அது கெடலை. அங்கேருந்து கைக்கு இறங்குற வழிதான் அறுந்திருக்கு. கையை நீட்டணும்னு நீங்க நினைச்சா, கை வருதோ வரலையோ, அந்த இடத்துல ஒரு மின்சார அலை எழும்பி ஒரு பக்கத்துலேருந்து இன்னொரு பக்கத்துக்கு ஓடும். ஒவ்வொரு ஊசியா தனியா பார்த்தா ஒண்ணும் விளங்காது, எல்லாம் மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே இருக்கும். எது முதல்ல ஆடுது, எது அப்புறம் ஆடுதுன்னு சேர்த்துப் பார்த்தாதான் அலை போற திசை தெரியும். அந்தத் திசையிலதான் சேதி இருக்கு."

"எங்க பட்டறைத் தரை மாதிரி" என்றாள் கடிகாரம்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. கடிகாரம் செருப்பு விளையாட்டைச் சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். "நான் மாணவர்களுக்கு மூணு மாசம் பாடம் நடத்துறதை நீங்க செருப்பைக் கழட்டி நடத்திட்டீங்க" என்றார்.

அவருடன் ஒரு இன்ஜினியர் இருந்தார். கணினியும் கம்பிகளும் அவர் பொறுப்பு. சிரிப்புக்கு அவர் முகத்துக்கு வரும் வழியே தெரியாது. கடிகாரம் மனதுக்குள் அவருக்குச் சிடுமூஞ்சி என்று பெயர் வைத்திருந்தாள். அவர்தான் முதல் நாள் அவள் கையைப் பிடித்து நீட்டியும் மடக்கியும் அலையைப் பதிவு செய்தார். நீட்டும்போது அலை முன்னாலிருந்து பின்னால் போனது. நெஞ்சுப் பக்கம் மடக்கும்போது பின்னாலிருந்து முன்னால் வந்தது. எல்லோருக்கும் இப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது, உங்கள் தலையில் இப்படி என்று டாக்டரம்மா சொன்னார்.

இனி யாரும் கையைப் பிடிக்கமாட்டார்கள். எதிரே கறுப்புத் திரை. அதில் சிவப்புப் புள்ளி எரிந்ததும் அதைத் தொடக் கையை நீட்டுவதாக அவளே நினைக்க வேண்டும். எரிந்த பிறகு வரும் முதல் அரை நொடியைத்தான் கணினி படிக்கும். மூன்று தடவை உட்காரவைப்பார்கள். நீட்டுகிற அலை வந்தால், அந்த அலையைப் படித்து விரலை மடக்கி நிமிர்த்தும் ஓர் உறையை அவள் கைக்குச் செய்து தருவார்கள். வரவில்லையென்றால் தகட்டை எடுத்துத் தலையைத் தைத்து அனுப்பிவிடுவார்கள்.

முதல் தடவை அறுபது புள்ளிகள் எரிந்தன. அறுபதுக்கும் அவள் வியர்த்து வழிய நினைத்தாள். சிடுமூஞ்சி திரையைப் பார்த்துவிட்டு, "எதிர்ப்பக்கம் ஓடுது" என்றார். "இவங்க நீட்டலை. இழுத்துக்கிறாங்க."

"நீட்டத்தான் நினைக்கிறேன் ஐயா."

"நீங்க நினைக்கிறது எனக்குத் தெரியாதும்மா. ஓடுறது தெரியும்."

இரண்டாவது தடவையும் அதே கதை. டாக்டரம்மாவின் முகமும் சுருங்கியிருந்தது. "பயமா இருக்கா? குணமாக வேண்டாம்னு உள்ளுக்குள்ள ஏதாவது இருக்கா? மறைக்காம சொல்லுங்க" என்றார். மென்மையாகத்தான் கேட்டார். ஆனால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணவரிடம் சிடுமூஞ்சி மென்மையெல்லாம் பார்க்கவில்லை. "கையை நீட்டச் சொன்னா இழுத்துக்கிறாங்க, ஒவ்வொரு தடவையும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டில் அதைக் கேட்டதும் நாத்தனார் கையைத் தட்டினாள்.

"நான் சொன்னேன்ல! நான் படிக்காதவ, என் வாய் கெட்ட வாய். இப்ப மிஷினே சொல்லுது. தலையைத் தொறந்து பார்த்துச் சொல்லியிருக்காங்க, இதுக்கு மேல என்னடா சாட்சி வேணும்?"

"அண்ணி, என் மனசறிஞ்சு நான்..."

"உன் மனசைத்தான் கம்பி போட்டுப் படிச்சுட்டாங்களே! இன்னும் என்ன மனசு?"

கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஞாயித்துக்கிழமை உங்க அண்ணன் வீட்டுல விட்டுட்டு வரேன். கொஞ்ச நாள் அங்க இரு."

"எத்தனை நாள்?"

அவருக்காக நாத்தனார் சொன்னாள். "கை வர்ற வரைக்கும். கொட்டாவிக்கு இல்ல, வேலைக்கு."

"வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை இருக்குங்க. அதுவரைக்கும் பொறுங்க" என்று அவள் கணவரைக் கெஞ்சினாள்.

"எனக்கு லீவு இல்ல. அக்கா கூட வரட்டும். அவ பார்த்துட்டு வந்து சொல்லட்டும். அவ சொன்னா நான் நம்புறேன்."

உலகத்தில் இத்தனை பேர் இருக்க, அவள் பொய்க்காரியா இல்லையா என்று சொல்ல வேண்டியவள் நாத்தனார் என்று ஆனது. அன்று சாயங்காலமே ஒரு துணிப்பை நிரப்பப்பட்டு வாசற்கதவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. போகும்போதும் வரும்போதும் கண்ணில் படும்படி நாத்தனார்தான் அதை அங்கே வைத்தாள். வெள்ளிக்கிழமை காலை கடிகாரம் வலது கையை இடது கையால் தூக்கி, இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு கும்பிட்டாள். கை வர வேண்டும் என்று கேட்கவில்லை. நான் பொய் சொல்லவில்லை என்பது ஒரு ஆளுக்காவது தெரிந்தால் போதும் என்றுதான் கேட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு நாத்தனார் பட்டறைச் சட்டையோடு வந்தாள். அரை நாள் லீவு. மத்தியான ஷிப்டுக்குத் திரும்ப வேண்டும். பேருந்தில் பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தும் நின்றுகொண்டே வந்தாள்.

அறைக்குள் கடிகாரத்தின் தலையை அசையாதபடி பட்டையால் கட்டினார்கள். கம்பியை மாட்டினார்கள். பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு நாத்தனாரை உட்காரச் சொன்னார் டாக்டரம்மா. அவள் காகிதக் கோப்பையில் டீயோடு உட்கார்ந்தாள்.

"நல்லா பார்த்துக்கிறேன் டாக்டர். தம்பிக்கு ஒண்ணு விடாம சொல்லணும்" என்றாள்.

"சத்தம் போடக் கூடாது" என்றார் சிடுமூஞ்சி.

"நான் ஏன் சார் சத்தம் போடப்போறேன்? நடிக்கிறவங்களுக்குத்தான் சத்தம் இடைஞ்சல்."

திரை கறுப்பானது. முதல் சிவப்புப் புள்ளி எரிந்தது.

பின்னால் "ஐயோ!" என்று ஒரு அலறல். டீ முழுவதும் நாத்தனாரின் சட்டையில்.

சிடுமூஞ்சி எரிந்து விழுந்தார். "சொன்னேன்ல, சத்தம் கூடாதுன்னு!"

"கோப்பை வழுக்கிடுச்சு சார். எழவு, காகிதத்துல குடுத்தா எப்படி நிக்கும்?"

அவள் கைக்குட்டையால் மடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது புள்ளி எரிந்தது. கடிகாரத்தால் தலையைத் திருப்ப முடியாது. ஆனால் திரை கறுப்புக் கண்ணாடி போல இருந்தது. சிவப்புப் புள்ளிக்குச் சற்று மேலே, பின்னால் இருந்த நாத்தனார் மங்கலாகத் தெரிந்தாள். புள்ளி எரிந்த அந்தக் கணத்தில் துடைத்துக்கொண்டிருந்த இரண்டு கையும் கைக்குட்டையோடு நெஞ்சுக்குப் போயின. புள்ளி அணைந்தது. கைகள் இறங்கின. நாத்தனார் பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டு துடைத்தாள். தன் கை என்ன செய்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்றாவது புள்ளி. கைகள் நெஞ்சில்.

கடிகாரத்துக்கு மேஸ்திரியின் மரஸ்கேல் இருபத்திரண்டு வருடம் தாண்டி வந்து முழங்கையில் தட்டியது போல இருந்தது. யோசிக்காம எடு.

"நிறுத்துங்க ஐயா, நிறுத்துங்க. இந்த விளக்கு நிறத்தை மாத்துங்க. பச்சையா வைங்க."

"அதெல்லாம் மாத்தக் கூடாது. எல்லாருக்கும் சிவப்புதான். முறைன்னு ஒண்ணு இருக்கு."

"எங்களுக்குச் சிவப்புன்னா கையை எடுக்கணும் ஐயா. எடுக்கலைன்னா கையே போயிடும். நான் நீட்டணும்னுதான் நினைக்கிறேன், ஆனா அதுக்கு முன்னாடியே அது இழுத்துடுது. நான் நினைச்சு முடிக்கிறதுக்குள்ள உங்க அரை நொடி முடிஞ்சுடுது."

"பாருங்க, பாருங்க" என்றாள் நாத்தனார். "கடைசி நேரத்துல ஒரு சாக்கு. கை நொண்டி, இப்ப கண்ணும் நொண்டி."

கடிகாரம் டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். "டாக்டரம்மா, என்னைப் பார்க்காதீங்க. இன்னொரு தடவை சிவப்பைப் போட்டுட்டு, எங்க அண்ணி கையைப் பாருங்க."

டாக்டரம்மா திரும்பி நின்றார். நாத்தனாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டாள். "போடுங்க" என்றாள், பல்லைக் கடித்தபடி.

சிவப்பு எரிந்தது. கை வெளியே வரவில்லை. ஆனால் இரண்டு தோளும் தூக்கிப்போட்டு, ஸ்டூல் ஒரு முழம் பின்னால் நகர்ந்தது.

டாக்டரம்மா நகர்ந்த ஸ்டூலைப் பார்த்தார்.

"நீங்க எந்த வேலை?" என்றார் டாக்டரம்மா.

"இரண்டாவது பிரஸ்" என்றாள் நாத்தனார். வேறு வழி இல்லாமல்தான் சொன்னாள். "பிரஸ்ல முப்பத்தொரு வருஷம்."

டாக்டரம்மா சிடுமூஞ்சியைப் பார்த்தார். "பச்சை வைங்க."

"பதிவுல எழுதணும்."

"நான் எழுதுறேன். வைங்க."

பச்சை எரிந்தது. கடிகாரம் நீட்டினாள். மடியில் கிடந்த கை அப்படியே கிடந்தது. சிடுமூஞ்சியின் கணினியில் இருந்த சிறு சதுரத்தில் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக, முன்னாலிருந்து பின்னால், வெளிச்சமாகி அணைந்தன. அடுத்த பச்சைக்கும் அப்படியே. பத்தாவது பச்சைக்கும் அப்படியே. சிடுமூஞ்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இத்தனை நாளும் அலை சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றார் டாக்டரம்மா மெதுவாக. "கை இழுக்குதுன்னு சொல்லுச்சு. இழுக்கத்தான் செஞ்சுது. ஏன்னு நாமதான் கேட்கலை."

சிடுமூஞ்சிக்கு அது போதவில்லை. பச்சைப் புள்ளியைத் திரையின் மேலேயும் கீழேயும் மாற்றி மாற்றி எரியவிட்டார். மேலே நீட்டினால் அலை சற்றுச் சாய்ந்து ஓடியது. கீழே நீட்டினால் வேறு பக்கம் சாய்ந்தது. நாற்பது தடவை பார்த்துப் பழகிக்கொண்டார். பிறகு புள்ளி தெரியாதபடி நாற்காலியைத் திருப்பிப்போட்டு, சதுரத்தை மட்டும் பார்த்து உரக்கச் சொன்னார். "மேல. கீழ. கீழ. மேல." டாக்டரம்மா குறித்துக்கொண்டே வந்தார். இருபதில் பதினேழு சரியாக இருந்தது.

"குருட்டாம்போக்குல சொன்னா பத்துதான் வரும்" என்றார் டாக்டரம்மா.

"எங்க தரையில அவ இருபதுக்கு இருபது சொல்லுவா" என்றாள் நாத்தனார்.

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அது எப்படி வெளியே வந்தது என்று அவளுக்கே ஆத்திரம். அந்த ஆத்திரத்தில் எழுந்து நின்று, விரலை நீட்டி, "அப்ப கொட்டாவிக்குக் கை எந்திரிக்குதே, அது என்ன கணக்கு? என் கண்ணால பார்த்தேன். அதுக்கும் விளக்கு நிறம்தான் காரணமா?" என்று கேட்டாள்.

"அது வேற வழி. கொட்டாவி மூளையோட அடிப்பக்கத்துலேருந்து வருது, மூச்சு மாதிரி. அந்த வழி அறுந்துபோகலை. வாதம் வந்த பலபேருக்குக் கொட்டாவி விடும்போது கை தானா எழும்பும். அவங்க உத்தரவு அதுல கிடையாது. இப்ப நீங்க கையை அடக்கிவச்சீங்களே, தோள் உங்களைக் கேட்டுட்டா எழும்புச்சு?"

நாத்தனார் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டாள். சட்டையில் டீ காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டே வெளியே போய்விட்டாள்.

திரும்பும்போது பேருந்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இடம் அது ஒன்றுதான் இருந்தது. நாத்தனார் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள். இரண்டு நிறுத்தம் கழித்து, "இத்தனை நாள்ல உனக்குத் தோணலையாடி, சிவப்புன்னு?" என்றாள்.

"உங்களுக்குத் தோணுச்சா அண்ணி?"

"எனக்கென்ன, என் தலையிலயா கம்பி வச்சாங்க?" சிறிது நேரம் கழித்து, "என்னைக் காட்டிக் குடுத்துட்டேல்ல, அந்த ஆளுங்க முன்னாடி. குரங்காட்டி குரங்கைக் காட்டுற மாதிரி" என்றாள்.

"வேற வழி தெரியலை."

"எப்பவும் என்னைத் தள்ளிவிட்டுத்தான் உனக்கு இடம்."

கடிகாரம் வாசலில் காத்திருக்கும் துணிப்பையை நினைத்தாள். நடந்ததைப் பார்த்த வீட்டு மனுஷி இவள் ஒருத்திதான். இவள் வாயைத்தான் கணவர் நம்புவார். வாயைத் திறந்து ஒரு பொய் சொன்னால் போதும், ஏன், பாதி உண்மை சொன்னாலே போதும். கை அசையவில்லை என்று மட்டும் சொன்னால் அதுவும் உண்மைதானே? நாத்தனார் பட்டறை நிறுத்தத்தில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் ஷிப்டுக்குப் போனாள்.

சாயங்காலம் ஏழு மணிக்குத் தம்பி சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவள் வந்தாள். துணிப்பை வாசலிலேயே இருந்தது. கடிகாரம் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், சோறு தொடவில்லை.

"என்னக்கா சொன்னாங்க?" என்றார் தம்பி.

நாத்தனார் செருப்பைக் கழற்றினாள். முகம் கழுவினாள். துடைத்தாள். சொல்லத் தயாரில்லாதவள் போல எல்லாவற்றையும் மெதுவாகச் செய்தாள். பிறகு தம்பியைப் பார்த்து, சண்டைக்கு நிற்பவள் மாதிரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பேசினாள்.

"கை அசையலை."

கடிகாரம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அசையாது. வழி அறுந்துகிடக்கு. ஆனா இவ நீட்டுறா. உள்ள நீட்டுறா, நான் பார்த்தேன். எந்தப் பக்கம் நீட்டுறாங்கிறதைக்கூட அந்தச் சிடுசிடு ஆளு திரும்பி உட்கார்ந்துக்கிட்டுச் சொன்னான். கொட்டாவியும் நடிப்பு இல்லையாம். இவளுக்கு நடிக்கிற அளவுக்கு மூளை இருந்தா நாம ஏன் இப்படி இருக்கோம்?"

"அப்ப அன்னிக்கு இழுக்கிறான்னு சொன்னாங்களே?"

"அது அவங்க புத்தி. இருபத்திரண்டு வருஷம் பிரஸ்ல நின்னவகிட்ட சிவப்பைக் காட்டிட்டு நீட்டுன்னா எவ நீட்டுவா? படிச்சவனுங்களாம்." அவள் வாசலுக்குப் போய்த் துணிப்பையைக் காலால் உள்ளே தள்ளினாள். "இது இங்க எதுக்கு நடைவழியில? தடுக்கி விழுறதுக்கா?"

தம்பி எழுந்து வந்து பையை எடுத்து அலமாரிக்குள் வைத்தார். மனைவியின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.

"ரொம்பக் கொஞ்சாதே" என்றாள் நாத்தனார். "இடது கை நல்லாத்தானே இருக்கு? நாளையிலேருந்து இவதான் பாத்திரம் கழுவணும். அதுக்கு அலை கிலை ஒண்ணும் வேண்டாம்."

"சரி அண்ணி."

"சரி அண்ணியாம்."

மூவரும் சாப்பிட்டார்கள். ஏழு மாதத்து அலைச்சலும் ஒரு நாளில் இறங்கியதாலோ என்னவோ, கடிகாரத்துக்குப் பெரிய கொட்டாவி ஒன்று வந்தது. வலது கை மடங்கி மெல்ல எழுந்தது. தம்பி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தார். கடிகாரத்துக்குத் திறந்த வாயை மூடவும் முடியவில்லை.

நாத்தனார் நிமிர்ந்தே பார்க்கவில்லை. எழுகிற கைக்கு நேரே இருந்த தண்ணீர் கிளாசை எடுத்துத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"கண்ணாடி கிளாஸ்" என்றாள். "உடைச்சுத் தொலைக்காதே."